பெரிய குடும்பத்துக்குப் பழைய ஹைபிரிட் டிரெய்லர்: கார் கதவில் தொடங்குங்கள்

அமெரிக்காவிலோ கனடாவிலோ மூன்று நான்கு பிள்ளைகளோடு கோடையில் தேசியப் பூங்காக்களைச் சுற்ற நினைக்கும் குடும்பத்துக்கு முதல் சிக்கல் படுக்கைதான். ஹோட்டலில் பெரும்பாலும் ஒரு அறைக்கு நான்கு பேர்தான் கணக்கு. இரண்டு அறை எடுத்தால் ஒரு வாரத்திலேயே பணம் கரைந்துவிடும். கூடாரம் என்றால் ஊரிலிருந்து வந்திருக்கும் பாட்டியைத் தரையில் படுக்க வைக்க மனம் வராது. காரின் பின்னால் இழுத்துப்போகும் வீடு போன்ற டிராவல் டிரெய்லரில், எட்டுப் பேர் தாராளமாகப் படுக்கும் முழு டிரெய்லர் 30 அடிக்குப் போய்விடும், அதை இழுக்கப் பெரிய பிக்கப் வேண்டும். ஹைபிரிட் டிராவல் டிரெய்லர் இந்த இடைவெளியை நிரப்புவதற்காக வந்த வண்டி.

சுவரும் கூரையும் சாதாரண டிராவல் டிரெய்லர் போலக் கெட்டியாக இருக்கும். முன்னும் பின்னும், சில மாடல்களில் பக்கவாட்டிலும், ஒரு பலகை வெளிப்பக்கமாகக் கீழே இறங்கிப் படுக்கையாக நீளும். அதன்மேல் கேன்வாஸ் கூடாரம் எழும்பும். மூடி ஓட்டும்போது 20 அடி சொச்சம் நீளமுள்ள பெட்டி, திறந்தால் இரண்டு மூன்று இரட்டைப் படுக்கை கூடுதல். கழிப்பறை, அடுப்பு, ஃப்ரிட்ஜ், ஏசி எல்லாம் உள்ளேயே உண்டு.

இந்த வகையைப் புதிதாகச் செய்யும் நிறுவனங்கள் குறைந்துவிட்டதால் பழையதுதான் பெரும்பாலும் கிடைக்கும். சந்தையில் அதிகம் கண்ணில் படுபவை ஜேகோவின் ஜே ஃபெதர் வரிசையில் விரிந்து நீளும் மாடல்கள், ராக்வுட் ரூ, ஃபிளாக்ஸ்டாஃப் ஷாம்ராக், ஸ்டார்கிராஃப்ட் டிராவல் ஸ்டார், பலோமினோ சோலேர். பெரும்பாலானவை இந்தியானா மாநிலத்தின் எல்க்ஹார்ட் வட்டாரத்தில் செய்யப்பட்டவை. ரூவும் ஷாம்ராக்கும் ஃபாரஸ்ட் ரிவர் நிறுவனத்தின் இரட்டைப் பிள்ளைகள், பெயரும் வெளி வண்ணமும்தான் வேறு. தேடும்போது இரண்டு பெயரையும் போட்டுத் தேடுங்கள்.

முதல் படி: டிரெய்லரைப் பார்க்காதீர்கள், காரைப் பாருங்கள்

விளம்பரத்தில் "எட்டுப் பேர் படுக்கலாம்" என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். வாங்குபவர் அதைப் பார்த்து மயங்கி, தன் கார் எவ்வளவு இழுக்கும் என்று இணையத்தில் தேடி, 7,500 பவுண்ட் என்று பார்த்தவுடன் திருப்தியாகிவிடுவார். பெரிய குடும்பங்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான். இழுக்கும் திறன் என்ற எண் கிட்டத்தட்டக் காலியான காரை வைத்துச் சொல்லப்படுவது. உங்கள் கார் காலியாக இருக்கப் போவதில்லை.

ஓட்டுநர் கதவைத் திறந்து, கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் விவர ஸ்டிக்கரைப் பாருங்கள். பயணிகளும் சுமையும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று அதில் இருக்கும். இதைத்தான் பேலோட் என்கிறார்கள். காரில் ஏறும் மனிதர்கள், டிக்கியில் வைக்கும் பொருள்கள், டிரெய்லரின் மூக்கு காரின் பின்புறத்தில் அழுத்தும் எடை, எல்லாமே இதற்குள் அடங்கவேண்டும். ஒரே மாடலிலேயே சன்ரூஃப், நான்கு சக்கர இயக்கம் என்று வசதி கூடக்கூட இந்த எண் குறையும். அதனால் இணையத்தில் பார்த்த எண் உதவாது, உங்கள் கதவில் இருக்கும் எண்தான் கணக்கு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஸ்டிக்கரில் 1,500 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவரும் 330. பாட்டி 130. நான்கு பிள்ளைகள் 320. மொத்தம் 780. டிக்கியில் கூலர், தள்ளுவண்டி, பைகள் 150. காரையும் டிரெய்லரையும் இணைத்து எடையைப் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் கருவி 90. சாமான் ஏற்றிய டிரெய்லர் 5,200 பவுண்ட் என்றால் அதன் மூக்கு எடை பொதுவாக 10 முதல் 15 சதவீதம். 650 என்று கொள்வோம். கூட்டினால் 1,670. கார் 7,500 பவுண்ட் இழுக்கும் என்று கம்பெனி சொன்னாலும், இந்தக் குடும்பம் 5,200 பவுண்ட் டிரெய்லரோடு கிளம்பும்போதே 170 பவுண்ட் அதிகம். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து வயதுப் பையன் ஐந்து வருடத்தில் பெரியவர் எடைக்கு வந்துவிடுவான்.

மூக்கு எடையைக் குறைத்துவிடலாமே என்று சிலர் சாமானை எல்லாம் டிரெய்லரின் பின்பக்கம் தள்ளுவார்கள். தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம். மூக்கு லேசானால் நெடுஞ்சாலையில் டிரெய்லர் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும். பெரிய லாரி ஒன்று கடந்து போகும் காற்றே போதும்.

ஹோண்டா ஒடிசி, டொயோட்டா சியன்னா போன்ற மினிவேன்கள் 3,500 பவுண்ட் அளவில் நின்றுவிடும். ஹைபிரிட் டிரெய்லர்கள் பெரும்பாலும் காலியாகவே அந்த எடையைத் தாண்டியவை. ஹோண்டா பைலட், டொயோட்டா ஹைலேண்டர் வகையில் 5,000 பவுண்ட் இழுக்கும் மாடல்கள் உண்டு, ஆனால் ஏழு பேர் ஏறிய பிறகு பேலோட் பெரும்பாலும் இடிக்கும். ஆறு பேருக்கு மேல் என்றால் செவர்லே சபர்பன், ஃபோர்ட் எக்ஸ்பிடிஷன் போன்ற பெரிய வண்டிகளும், ஃபோர்ட் டிரான்சிட் போன்ற வேன்களும்தான் நிம்மதி. அங்கேயும் கதவு ஸ்டிக்கரைப் படித்துவிட்டுத்தான் பேசவேண்டும். காரின் பின்புறம் ஹிட்ச் செருகும் ரிசீவரிலும் தனி ஸ்டிக்கர் இருக்கும், அதில் உள்ள மூக்கு எடை வரம்பையும் தாண்டக்கூடாது.

இரண்டாம் படி: டிரெய்லர் எவ்வளவு தாங்கும்

டிரெய்லரின் வெளிச்சுவரில், இடப்பக்க முன்மூலையில், அனுமதிக்கப்பட்ட மொத்த எடை எழுதிய ஸ்டிக்கர் இருக்கும். கதவருகே மஞ்சள் ஸ்டிக்கரில் எவ்வளவு சுமை ஏற்றலாம் என்று தனியாகப் போட்டிருப்பார்கள். மொத்த எடை 5,500, காலி எடை 4,200 என்றால் உங்களுக்கு மிஞ்சுவது 1,300 பவுண்ட். ஒரு காலன் தண்ணீர் 8.3 பவுண்ட். 35 காலன் தொட்டியை நிரப்பினாலே 290 போய்விட்டது. ஏழு பேரின் துணி, படுக்கை, அரிசி, பருப்பு, குக்கர், மடக்கு நாற்காலி, தண்ணீர்க் குழாய், கருவிப்பெட்டி என்று போட்டால் மீதியும் கரையும். பழைய சொந்தக்காரர் பின்னாளில் பொருத்திய இரண்டாவது பேட்டரி, சோலார் தகடு, பெரிய டிவி எல்லாம் அந்த 1,300-க்குள் ஏற்கெனவே உட்கார்ந்திருக்கும். அவர் என்னென்ன சேர்த்தார் என்று கேட்டுக்கொள்ளுங்கள். சுமை வரம்பு ஆயிரம் பவுண்டுக்குக் கீழே இருந்தால் பெரிய குடும்பத்துக்கு அந்த டிரெய்லர் வேண்டாம் என்பது என் கருத்து.

மூன்றாம் படி: யார் எங்கே படுப்பார்கள் என்று வரைந்து பாருங்கள்

"எட்டு" என்ற எண்ணிக்கையில் சாப்பாட்டு மேசையை மடக்கிப் போடும் படுக்கையும் சோஃபாவும் சேர்ந்தே இருக்கும். மேசையில் படுக்கும் பிள்ளை எழுந்தால்தான் காலைச் சாப்பாடு. அதனால் மாடலின் தரைப்படத்தை எடுத்து, ஒவ்வொரு படுக்கையிலும் உங்கள் வீட்டுப் பெயரை எழுதிப் பாருங்கள்.

கூடாரப் படுக்கைகள் இடுப்பு உயரத்துக்கு மேல் இருக்கும். ஏறி, குனிந்து, முழங்காலில் நகர்ந்துதான் உள்ளே போகமுடியும். முழங்கால் வலி உள்ள பெரியவருக்குச் சோஃபாவோ மேசைப் படுக்கையோதான் சரி. இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் யார் தலைமாட்டையும் தாண்டவேண்டியிருக்கக்கூடாது. கைக்குழந்தையைக் கேன்வாஸ் ஓரமாகப் படுக்கவைக்காதீர்கள், தடுப்புப் பலகை உள்ள பக்கமாகத்தான் படுக்க வைக்கவேண்டும். கூடாரப் படுக்கை எவ்வளவு எடை தாங்கும் என்பது அந்த மாடலின் கையேட்டில் இருக்கும், பிள்ளைகள் எல்லோரும் ஏறிக் குதிப்பதற்கு முன் படித்துவிடுங்கள்.

இன்னொன்றையும் வாங்குவதற்கு முன்பே யோசிக்கவேண்டும்: கூடாரங்களைத் திறக்காமல் எத்தனை பேர் படுக்கமுடியும்? நள்ளிரவில் நெடுஞ்சாலை ஓய்விடத்தில் நிறுத்தினாலோ, புயல் எச்சரிக்கை வந்தாலோ எல்லோரும் உள்ளேதான் முடங்கவேண்டும். கரடி உள்ள சில முகாம்களில் கூடாரத்தைத் திறக்கவே விடமாட்டார்கள். யெல்லோஸ்டோனில் ஃபிஷிங் பிரிட்ஜ் முகாமில் கிரிஸ்லி கரடிகள் நடமாட்டத்தால் கெட்டிச் சுவர் உள்ள வண்டிகளுக்கு மட்டும்தான் இடம், கேன்வாஸ் கூடாது. கனடாவின் லேக் லூயிஸில் கெட்டிச் சுவர் வண்டிகளுக்கு ஒரு முகாமும், கூடாரங்களுக்கு மின்வேலி போட்ட தனி முகாமும் இருக்கின்றன. ஹைபிரிட் வைத்திருப்பவர் எந்தப் பக்கம் போகவேண்டும் என்று பதிவு செய்யும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும்.

முகாம் இடத்துக்கும் ஆள் கணக்கு உண்டு. கலிஃபோர்னியா மாநிலப் பூங்காக்களில் ஒரு இடத்துக்கு 8 பேர், ஒன்டாரியோ பூங்காக்களில் பொதுவாக 6 பேர். ஒரே குடும்பம் என்றால் ஒன்டாரியோவில் தளர்வு உண்டு. சித்தப்பா குடும்பமும் கூட வருகிறது என்றால் இரண்டாவது இடம் எடுக்கவேண்டியிருக்கும்.

நான்காம் படி: எப்போது, எங்கே தேடுவது

குளிர்ப் பிரதேசங்களில் செப்டம்பர் கடைசி முதல் நவம்பர் வரை விலை இறங்கும். குளிர்காலத்துக்கு நிறுத்திவைக்க இடம் தேடவேண்டும், குழாய்களில் உறைதடுப்பு திரவம் ஏற்றவேண்டும் என்ற தொல்லையில் சொந்தக்காரர் பேரத்துக்கு வருவார். ஏப்ரல், மே மாதங்களில் அதே வண்டிக்கு மூன்று பேர் போட்டிக்கு நிற்பார்கள்.

டீலரிடம் வாங்கினால் உங்களிடம் இருக்கும் பழைய வண்டியைக் கொடுத்து மாற்றிக்கொள்ளும் வசதியும் கடன் ஏற்பாடும் உண்டு, ஆனால் பழைய டிரெய்லர் என்றால் பெரும்பாலும் "உள்ளது உள்ளபடி" என்ற ஒரு வரியோடுதான் விற்பார்கள். தனி ஆளிடம் வாங்கினால் விலை குறையும், அதைவிட முக்கியமாக அந்த வண்டியின் வரலாறு கிடைக்கும். எனக்கு இரண்டாவதுதான் பிடிக்கும். எங்கே நிறுத்தி வைத்திருந்தார், கூரையை எப்போது பூசினார், மழையில் மடித்தால் வீட்டுக்கு வந்து என்ன செய்வார் என்று ஐந்து நிமிடம் பேசினாலே ஆள் எப்படிப் பராமரித்தார் என்று தெரிந்துவிடும். கூரைபோட்ட கொட்டகையில் நின்ற பத்து வயது வண்டி, வெயிலிலும் பனியிலும் நின்ற நான்கு வயது வண்டியைவிட மேல்.

போகுமுன் தொலைபேசியில் மூன்று கோரிக்கை வையுங்கள். ஃப்ரிட்ஜை முந்தின இரவே போட்டுவிடச் சொல்லுங்கள். வண்டியை முன்கூட்டித் திறந்து காற்றாட விடவேண்டாம் என்று சொல்லுங்கள். தண்ணீரும் மின்சாரமும் இணைக்கக்கூடிய இடத்தில் காட்டச் சொல்லுங்கள். "குளிர்காலத்துக்கு மூடிவிட்டேன், எதையும் போட்டுக் காட்டமுடியாது" என்றால் வசந்தம் வரை காத்திருங்கள், அல்லது எதுவும் ஓடாது என்ற கணக்கில் விலை பேசுங்கள்.

ஐந்தாம் படி: தண்ணீர் நுழைந்த தடம்

இதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். உள்ளே சூடேற்றும் ஃபர்னஸ் கெட்டால் மாற்றலாம், டயர் கெட்டால் மாற்றலாம். சுவருக்குள் மரம் மக்கியிருந்தால் அதைச் சரிசெய்யும் செலவு பல நேரம் வண்டியின் விலையைத் தொட்டுவிடும். மழைக்கு அடுத்த நாள் போவது நல்லது, மழை பெய்துகொண்டிருக்கும்போதே போவது அதைவிட நல்லது.

கதவைத் திறந்தவுடன் முதலில் மூச்சை இழுத்துப் பாருங்கள். ஈரத்துணி நாற்றம் வந்தால் எங்கோ கசிவு இருக்கிறது. ஊதுவத்தி, வாசனைக் குப்பி வைத்து மணக்கவைத்திருந்தால் இன்னும் கவனமாகப் பாருங்கள்.

வெளிச்சுவர் பெரும்பாலும் ஃபைபர்கிளாஸ் தாள், அதன் பின்னால் மெல்லிய ஒட்டுப்பலகை, அதன் பின்னால் நுரை என்று ஒட்டிச் செய்தது. தண்ணீர் உள்ளே போனால் பசை விட்டுப்போய்த் தாள் உப்பும். நேருக்கு நேர் பார்த்தால் தெரியாது. வண்டியின் மூலையில் கன்னத்தை ஒட்டிக்கொண்டு சுவரின் நீளத்தைப் பாருங்கள். சாயங்கால வெயில் சாய்ந்து விழும் நேரம் என்றால் சின்ன மேடுகூட நிழல் போட்டுக் காட்டிக்கொடுக்கும். உப்பிய இடத்தை விரலால் அழுத்தினால் உள்ளே போய் வரும். அப்படி ஒரு இடம் இருந்தாலும் நான் அந்த வண்டியை விட்டுவிடுவேன்.

ஏணி போட்டுக் கூரையைப் பாருங்கள். காற்றோட்டத் துவாரங்கள், ஏசி, குளியலறை மேல்சன்னல், முன்பின் விளிம்புகள் ஆகியவற்றைச் சுற்றி வெள்ளைப் பசை போட்டிருப்பார்கள். அது வெடித்தோ விளிம்பு தூக்கிக்கொண்டோ இருந்தால் தண்ணீர் உள்ளே போக வழி இருக்கிறது. அண்மையில் புதுப் பசை தாராளமாக அப்பியிருந்தால் எதை மூட அப்பினார் என்று கேளுங்கள்.

அப்புறம் ஹைபிரிட்டுக்கே உரிய இடங்களுக்கு வாருங்கள். கூடாரப் பலகையை மூடும்போது அது ஒரு ரப்பர் பட்டையில் அழுந்தி நிற்கும். வருடக்கணக்கில் அழுந்தி அழுந்தி அந்தப் பட்டை தட்டையாகிவிட்டால், ஓட்டும்போதும் நிறுத்திவைத்திருக்கும்போதும் மழை உள்ளே இறங்கி, கீழ்மூலைகளில் தேங்கும். முதலில் மக்குவது அந்தக் கீழ்மூலைகளும் கீல் பதிந்திருக்கும் மரமும்தான். எல்லாப் பலகையையும் மூடித் தாழிட்டு, பகல் நேரத்தில் நீங்கள் மட்டும் உள்ளே போய், வாசலையும் சாத்தி, விளக்கை அணைத்துவிட்டுப் பட்டை ஓரங்களைப் பாருங்கள். எங்கெல்லாம் வெளிச்சக் கீற்று தெரிகிறதோ அங்கெல்லாம் தண்ணீரும் வரும். சொந்தக்காரர் ஒப்புக்கொண்டால் தோட்டக் குழாயால் ஒவ்வொரு பலகைமேலும் பத்து நிமிடம் தண்ணீர் அடிக்கச் சொல்லி உள்ளேயிருந்து கையால் தடவிப் பாருங்கள்.

பலகையைத் திறந்து மெத்தையைத் தூக்குங்கள். அடியிலிருக்கும் ஒட்டுப்பலகையில் கருப்புத் தடம், ஓரங்களில் நார் பிரிந்த மாதிரித் தோற்றம், கட்டைவிரலால் அழுத்தினால் அமுங்கும் மென்மை, மூன்றில் எது இருந்தாலும் அந்தப் படுக்கையில் இரண்டு பேரைப் படுக்கவைக்கமுடியாது. வெளியே போய்ப் படுக்கையின் அடிப்புறத்தையும், அதைத் தாங்கும் கம்பிகளையும் பாருங்கள்.

ஈரப்பதம் காட்டும் ஊசிக்கருவி வன்பொருள் கடையில் மலிவாகக் கிடைக்கும். சன்னல் கீழ்மூலைகள், கூரை மூலைகள், சிங்க் அடி, கழிப்பறைத் தரை, வாசற்படி அருகே வைத்துப் பாருங்கள். 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் நல்லது. 20-ஐத் தாண்டினால் அங்கே ஈரம் உட்கார்ந்திருக்கிறது. தரையெங்கும் குதிகாலால் அழுத்தி நடந்து பாருங்கள்.

ஆறாம் படி: கேன்வாஸ்

எல்லாக் கூடாரத்தையும் சொந்தக்காரரே திறந்து காட்டட்டும், நீங்கள் பக்கத்தில் நின்று எப்படித் திறக்கிறார் என்று பாருங்கள். கருப்புப் புள்ளிக்கூட்டம் என்றால் பூஞ்சை. ஈரத்தோடு மடித்துவைத்த வண்டி. தைத்த ஓரங்கள், ஜிப்கள், கொசுவலை, பிளாஸ்டிக் சன்னல், கேன்வாஸைப் பலகையோடு பிடிக்கும் ரப்பர்க் கயிறு எல்லாவற்றையும் தொட்டுப் பாருங்கள். உள்ளே உட்கார்ந்து வெளிச்சத்துக்கு எதிராகப் பார்த்தால் எலி கடித்த ஓட்டைகள் மின்மினிபோல் தெரியும். சின்னக் கிழிசலைத் தைத்துவிடலாம். துணி நைந்து விரலோடு வந்தால் புதிதாகத் தைக்கவேண்டும். அந்தச் செலவு ஒரு கூடாரத்துக்கே சில நூறு டாலரைத் தாண்டும், மூன்று கூடாரம் என்றால் யோசித்துக்கொள்ளுங்கள். பேரத்தில் இதைக் கழித்துக் கேளுங்கள்.

ஏழாம் படி: ஒவ்வொன்றையும் ஓட்டிப் பாருங்கள்

பெரிய குடும்பத்தில் எதுவும் சும்மா இருக்காது, அதனால் எதையும் "ஓடும்" என்ற வாய்ச்சொல்லில் விடாதீர்கள்.

ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் காஸிலும் மின்சாரத்திலும் ஓடும் வகை. குளிர மணிக்கணக்கில் ஆகும், அதனால்தான் முந்தின இரவே போடச் சொன்னது. இரண்டிலும் ஓடுகிறதா என்று பாருங்கள். வெளிப்பக்க மூடியைத் திறந்து பின்புறத்தைப் பார்க்கும்போது மஞ்சள் பொடியோ அம்மோனியா நெடியோ இருந்தால் அதன் ஆயுள் முடிந்தது. பழைய டொமெட்டிக், நார்கோல்ட் ஃப்ரிட்ஜ்களில் தீ அபாயத்துக்காகத் திரும்பப் பெறும் அறிவிப்புகள் வந்தவை உண்டு, மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு சரிபாருங்கள்.

தண்ணீர்ப் பம்பைப் போட்டு ஒவ்வொரு குழாயையும் திறந்து காற்று போகவிட்டு எல்லாவற்றையும் மூடுங்கள். பம்பு சில நொடியில் அடங்கவேண்டும். பத்து நிமிடம் பேசாமல் உட்கார்ந்திருங்கள். யாரும் குழாயைத் தொடாமலே பம்பு மறுபடி ஒரு முறை உறுமினால் எங்கோ ஒழுகுகிறது. குளிரில் உறைந்து வெடித்த குழாய் பெரும்பாலும் இப்படித்தான் வெளிப்படும்.

வெந்நீர்த் தொட்டி பொதுவாக 6 காலன்தான், ஏழு பேர் வரிசையில் குளிக்கமுடியாது. சபர்பன் என்ற பெயரில் வரும் தொட்டியில் (மேலே சொன்ன கார் அல்ல, தொட்டி செய்யும் நிறுவனம்) தான் கரைந்து தொட்டியைத் துருவிலிருந்து காக்கும் ஆனோடு கம்பி உண்டு, அதைக் கழற்றிப் பாருங்கள். கம்பி முழுக்கக் கரைந்து நூலாகியிருந்தால் தொட்டியைப் பல வருடம் யாரும் கவனிக்கவில்லை. அட்வுட் தொட்டியில் அந்தக் கம்பி இருக்காது.

ஃபர்னஸை வெயில் நாளானாலும் போட்டுப் பாருங்கள். காஸ் கசிவு, கார்பன் மோனாக்சைடு எச்சரிக்கைக் கருவிகளின் பின்புறத்தில் தேதி இருக்கும், பெரும்பாலும் 5 முதல் 7 வருட ஆயுள். காலாவதியானால் வாங்கியவுடன் மாற்றுங்கள். கழிவு தொட்டிகளின் அளவைக் காட்டும் விளக்குகள் பொய் சொல்வது சகஜம், அதற்காக வண்டியை வேண்டாம் என்று சொல்லவேண்டியதில்லை.

மின்சாரம் பெரும்பாலும் 30 ஆம்ப், அதாவது மொத்தம் 3,600 வாட். ஏசி ஓடும்போது மைக்ரோவேவும் மின்கெட்டிலும் சேர்ந்து போட்டால் பிரேக்கர் விழும். உள்ளே கடுகு தாளித்து மீன் பொரித்தால் அந்த வாசனை கேன்வாஸில் ஏறி அடுத்த கோடை வரை போகாது. கேன்வாஸ் பக்கத்தில் எண்ணெய் வைப்பது ஆபத்தும்கூட. வெளியே இணைக்கும் காஸ் அடுப்பு உள்ள மாடல் கிடைத்தால் அதற்குக் கூடுதலாகக் கொஞ்சம் கொடுக்கலாம்.

எட்டாம் படி: சக்கரமும் அடிப்பகுதியும்

டயர் பக்கவாட்டில் டிஓடி என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு எண்கள் தயாரித்த வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-ஆம் ஆண்டின் 23-வது வாரம். பட்டன் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் 6 வருடம் தாண்டிய டிரெய்லர் டயரில் குடும்பத்தை இழுக்காதீர்கள். நான்கு டயரும் உதிரி டயரும் மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

சக்கர பேரிங்குக்குக் கடைசியாக எப்போது கிரீஸ் போட்டார் என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் வாங்கியவுடன் அதுதான் முதல் வேலை. மின்பிரேக் வேலை செய்கிறதா என்று உங்கள் காரில் இணைத்து மெதுவாக ஓட்டிப் பார்க்கலாம். அதற்கு, டிரெய்லர் பிரேக்கைக் காரிலிருந்து இயக்கும் பிரேக் கன்ட்ரோலரும் ஏழு முனை மின் இணைப்பும் காரில் வேண்டும்.

ஒன்பதாம் படி: காகிதமும் விலையும்

டைட்டில் என்ற உரிமைப் பத்திரத்தில் இருப்பதும் டிரெய்லர் சட்டத்தில் பொறித்திருப்பதும் ஒரே 17 எழுத்து வின் எண்தானா (வண்டியின் அடையாள எண்) என்று பாருங்கள். டைட்டிலில் வங்கியின் பெயர் இருந்தால் கடன் பாக்கி இருக்கிறது என்று பொருள். பணத்தை வங்கியிலேயே வைத்துக் கைமாற்றுங்கள், "அப்புறம் அனுப்புகிறேன்" என்பதை ஏற்காதீர்கள். கனடாவில் அந்த மாகாணத்தின் கடன் பதிவேட்டில் தேடிப்பார்க்கலாம். அமெரிக்காவில் திரும்பப் பெறும் அறிவிப்புகளை என்எச்டிஎஸ்ஏ என்ற அரசு சாலைப் பாதுகாப்பு அமைப்பின் தளத்தில் பார்க்கலாம்.

விலை பேச, முன்பு நாடா கைடு என்று இருந்த, இப்போது ஜே.டி. பவர் பெயரில் வரும் விலைப்பட்டியலைத் தொடக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து டயர், கேன்வாஸ், ரப்பர்ப் பட்டை, காலாவதியான கருவிகள் என்று ஒவ்வொன்றாகக் காகிதத்தில் எழுதிக் கழித்துக் காட்டுங்கள். வாய்ப்பேச்சுக்கு மசியாதவரும் எழுதிய கணக்குக்கு இறங்கி வருவார். தொகை பெரிது என்றாலோ உங்களால் நேரில் போகமுடியாது என்றாலோ என்ஆர்விஐஏ என்ற டிரெய்லர் பரிசோதகர் சங்கத்தின் சான்று பெற்ற ஒருவரை அமர்த்துங்கள். அந்தக் கட்டணம் வீணாகாது.

வாங்கிய பிறகு

எல்லாச் சாமானும் எல்லா ஆட்களும் ஏறிய நிலையில் லாரிகள் நிற்கும் எரிபொருள் நிலையத்தில் கேட் ஸ்கேல் எடைமேடைக்கு ஒரு முறை போய்வாருங்கள். முதல் படியில் காகிதத்தில் போட்ட கணக்கு சரியா என்று அங்கேதான் தெரியும். தாண்டியிருந்தால் முதலில் தண்ணீர்த் தொட்டியைக் காலி செய்யுங்கள், முகாமில் நிரப்பிக்கொள்ளலாம்.

முதல் இரவை வீட்டு வாசலிலேயே கழியுங்கள். யாருக்குக் குளிர்கிறது, யார் உருளுகிறார்கள், பாட்டிக்குப் படி உயரமாக இருக்கிறதா என்பதெல்லாம் பக்கத்தில் வீடு இருக்கும்போது தெரிவது நல்லது.

மழையில் மடிக்கவேண்டிவந்தால் மடித்துக்கொண்டு வாருங்கள், வேறு வழியில்லை. ஆனால் வீடு சேர்ந்த அன்றோ மறுநாளோ எல்லாக் கூடாரத்தையும் திறந்து, மெத்தையை நிமிர்த்தி வைத்து, தைத்த ஓரம் வரை உலரவிட்டுத்தான் மூடவேண்டும். ரப்பர்ப் பட்டைகளை வருடம் ஒரு முறையும், கூரைப் பசையை ஆறு மாதத்துக்கு ஒரு முறையும் பாருங்கள்.